பாம்பன் வழியா போட்டைக் கொச்சிக்குக் கொண்டு போறோம், சிவப்பு போயா எந்தக் கை, பச்சை எந்தக் கை?

நாகை போட்டுக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். நாகப்பட்டினத்துல எங்களுக்கு ஒரு விசைப்படகு இருக்கு, அப்பா பேர்ல. இந்த சீசனுக்குக் கொச்சிப் பக்கம் தொழிலுக்குக் கொண்டு போகலாம்னு வீட்ல முடிவு பண்ணிட்டாங்க. இலங்கையைச் சுத்திப் போறதெல்லாம் நமக்கு ஆகாது, பாம்பன் பாலத்துல புகுந்துதான் போகணும். அப்பா பழைய ஆளுங்ககூட அந்த வழியில போய் வந்தவர், இந்தத் தடவை என்னை ஸ்டியரிங் புடிக்கச் சொல்லிட்டார், அதான் முன்னாடியே கேட்டு வச்சிக்கலாம்னு எழுதுறேன்.

துறைமுகத்துக்குள்ள நுழையும்போது சிவப்பு போயா (வழி காட்டுற மிதவை) இடக்கை, பச்சை வலக்கை, வெளிய போறப்ப தலைகீழ், இது எங்க ஊர்ல சின்னப் பசங்களுக்கே தெரியும். ஆனா பாம்பன்ல இந்தப் பக்கமும் கடல் அந்தப் பக்கமும் கடல், நடுவுல பாலம். அதுல எது உள்ள, எது வெளிய? வடக்கேருந்து தெக்கே போற எனக்கு சிவப்பு எந்தக் கையில வரணும்?

அப்புறம் யூடியூப்ல ஒரு அமெரிக்கக்காரர் வீடியோ பார்த்தேன், அவர் சிவப்பை வலக்கையில விட்டுட்டுத்தான் உள்ள வரணும்னு அடிச்சுச் சொல்றார். யார் சொல்றது சரி? இன்னொண்ணும் கேட்டுக்கிறேன், போட்ல ஜிபிஎஸ் பிளாட்டர் இருக்கு, போன வருஷம் போன போட்டோட டிராக் ஒருத்தர்கிட்ட வாங்கி ஏத்தியாச்சு, அந்தக் கோட்டு மேலயே போனா போதாதா? போயாவையெல்லாம் பார்த்துட்டு இருக்கணுமா?

தூத்துக்குடி கப்பல்காரன்:

தம்பி நல்ல கேள்வி, கெளம்புறதுக்கு முன்னாடி கேட்டியே அது அதைவிட நல்லது. அந்த அமெரிக்கக்காரர் சொன்னதும் சரி, உங்க ஊர்ல சொல்றதும் சரி. உலகத்தை ரெண்டு ரீஜனாப் பிரிச்சிருக்காங்க. நம்ம இந்தியா, இலங்கை, ஐரோப்பா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா எல்லாம் ஏ ரீஜன், உள்ள வரும்போது சிவப்பு இடக்கை. வட அமெரிக்கா, தென் அமெரிக்கா, ஜப்பான், கொரியா, பிலிப்பைன்ஸ் பி ரீஜன், அங்க சிவப்பு வலக்கை. கலர் மட்டும்தான் மாறும். இடக்கைப் போயா டப்பா வடிவம், வலக்கைப் போயா கூம்பு வடிவம், இது ரெண்டு ரீஜன்லயும் ஒண்ணுதான். இந்த வடிவத்தை நல்லா மனசுல வச்சுக்க, ஏன்னா சாயங்காலம் வெயில் எதிர்ல அடிக்கிறப்ப சிவப்பும் தெரியாது பச்சையும் தெரியாது, எல்லாம் கறுப்பா ஒரு நிழல்தான் தெரியும், அப்ப டப்பாவா கூம்பான்னு பார்த்துதான் முடிவு பண்ணணும்.

இப்படி ரெண்டே முறையாக் குறைஞ்சதே பெரிய விஷயம். 1976 வரைக்கும் உலகத்துல 30க்கு மேல வேற வேற போயா முறை இருந்துச்சு, ஒரு ஊர்ல ஆபத்துன்னு வச்சது அடுத்த ஊர்ல வழின்னு அர்த்தம். 1971 ஜனவரில இங்கிலீஷ் சேனல்ல டோவர் பக்கம் டெக்சாகோ கரீபியன்னு ஒரு டேங்கர் மோதி முழுகுச்சு, மறுநாளே பிராண்டன்பர்க்னு இன்னொரு கப்பல் அந்தச் சிதைவு மேல ஏறி முழுகுச்சு, சரின்னு அந்த இடத்துல லைட் கப்பலும் போயாவும் போட்டாங்க, அதுக்கப்புறமும் பிப்ரவரில நிக்கின்னு மூணாவது கப்பல் வந்து அதே இடத்துல போச்சு, அதுல இருந்த ஒருத்தர்கூடப் பொழைக்கல. மார்க் போட்டும், போட்ட மார்க்கு என்ன சொல்லுதுன்னு பார்க்கிறவனுக்குப் புரியல. அதுக்கப்புறம்தான் எல்லா நாடும் உக்காந்து பேசி 1980ல டோக்கியோ மாநாட்டுல இந்த ஏ, பி முறையை ஒத்துக்கிட்டாங்க. ஐஏஎல்ஏன்னு சொல்றோமே, போயா, லைட்ஹவுஸுக்கெல்லாம் முறை வகுக்கிற சர்வதேச அமைப்பு, அவங்க வேலைதான் இது.

இப்ப உன் பாம்பன் சந்தேகம். ரெண்டு பக்கமும் கடலா இருக்கிற சேனலுக்கு (கப்பல் போற வழிக்கு) உள்ள எது வெளிய எதுன்னு கண்ணால பார்த்துச் சொல்ல முடியாது. அந்த இடத்துக்குப் பொறுப்பான அதிகாரிங்க ஒரு திசையை முடிவு பண்ணி, சார்ட்ல (கடல் வரைபடத்துல) ஊதா கலர்ல ஒரு பெரிய அம்புக்குறி போட்டிருப்பாங்க, பக்கத்துலயே ரெண்டு சின்ன வட்டம் இருக்கும், ஒண்ணு சிவப்பு ஒண்ணு பச்சை. அந்த அம்பு காட்டுற பக்கம் நீ போனா 'உள்ள வர்ற' கணக்கு, சிவப்பு இடக்கை. அம்புக்கு எதிரா போனா சிவப்பு வலக்கை. டேராடூன்ல இருக்கிற நேஷனல் ஹைட்ரோகிராபிக் ஆபீஸ் போடற சார்ட்டு வாங்கி அந்த அம்பைப் பாரு, அப்புறம் பாம்பன் போர்ட் ஆபீஸ்ல ஒரு தடவை வாயால கேட்டு உறுதி பண்ணிக்க. ஃபோரத்துல ஒருத்தன் சொன்னான்னு, என்னையும் சேர்த்துதான் சொல்றேன், ஸ்டியரிங்கைத் திருப்பாதே. போர்ட் ஆபீஸ்ல அனுமதி வாங்காம அந்தப் பாலத்துல நுழையவும் முடியாது.

ஜிபிஎஸ் பத்தி. டிராக் இருக்கட்டும், வேணாம்னு சொல்லல. ஆனா அது போன வருஷம், வேற ஒரு நாள், வேற ஒரு நீர்மட்டத்துல, வேற ஆழம் இழுக்கிற ஒரு போட்டு போன வழி. அவன் தப்பிச்சுப் போன இடத்துல நீ தட்டலாம். மணல் அதே இடத்துல இருக்கும்னும் இல்லை. பழைய சார்ட்டு சிலதுல அளவு எடுத்த அடிப்படையே வேற, ஜிபிஎஸ் காட்டுற புள்ளியை அப்படியே அதுல போட்டா நூறு மீட்டருக்கு மேலகூடத் தள்ளி விழும், நூறு மீட்டர்ங்கிறது பாம்பன்ல சேனலை விட்டு வெளிய. சிக்னலைக் கெடுக்கிறதும் இப்ப சகஜமாயிடுச்சு, 2025 மே மாசம் ஜெட்டா பக்கம் பெரிய கண்டெய்னர் கப்பல் ஒண்ணு தரை தட்டுச்சு, ஜிபிஎஸ்ஸை யாரோ குழப்பினதுதான் காரணம்னு சந்தேகப்படுறாங்க. அதனால ஸ்க்ரீன் ஒண்ணு சொல்லணும், வெளிய இருக்கிற போயா ஒண்ணு சொல்லணும், எக்கோ சவுண்டர் ஆழம் ஒண்ணு சொல்லணும். மூணும் ஒத்துப் போனா போ. ஒண்ணு ஒத்து வரலைன்னாலும் வேகத்தைக் குறைச்சு யோசி.

பாம்பன் தெக்குவாடி:

தூத்துக்குடி அண்ணன் சொன்னது அத்தனையும் கரெக்ட். நான் இந்த ஊர்க்காரன், தண்ணியைப் பத்தி மட்டும் சொல்றேன்.

எங்க ஊர்ல வடக்குப் பக்கம் பாக் நீரிணையைப் பெண் கடல்னும், தெற்குப் பக்கம் மன்னார் வளைகுடாவை ஆண் கடல்னும் சொல்லுவோம். ரெண்டுக்கும் நடுவுல இந்தச் சின்ன வாய்தான் வழி, அதனால ரெண்டு பக்கத் தண்ணியும் இது வழியா இழுக்கும். வாடைக் காலத்துல வடக்கேருந்து தெக்கே ஓடும், கச்சான் (தென்மேற்குக் காத்து) காலத்துல தெக்கேருந்து வடக்கே ஓடும். பாலத்துல நின்னு கீழ பார்த்தீங்கன்னா தூணைச் சுத்தி தண்ணி சுழிச்சிக்கிட்டுப் போறது நல்லாத் தெரியும். நீங்க வாடைக் காலத்துல வடக்கேருந்து வந்தா நீரோட்டம் உங்களைப் பின்னாடியிருந்து தள்ளும். அதுதான் பயம். பின்னாடி தள்ளினா நிறுத்தணும்னு நினைச்ச இடத்துல போட்டு நிக்காது, இன்ஜினைக் குறைச்சா சுக்கானுக்குப் பிடி கிடைக்காது, முன்னாடி போற போட்டு திடீர்னு நின்னுச்சுன்னா நீங்க அதுமேல போயி விழுவீங்க. எதிர் நீரோட்டத்துல மெதுவாப் போகலாம், சுக்கான் சொன்ன பேச்சு கேட்கும்.

இதுக்குப் போயாவைத்தான் பார்க்கணும். கலரை விடுங்க, அது நிக்கிற நிலையைப் பாருங்க. நீரோட்டம் இழுத்தா போயா ஒரு பக்கமா சாயும், சாயற பக்கம்தான் தண்ணி போகுது. அதோட அடியில தண்ணி கிழிஞ்சு ஒரு வால் விழும், போயாவே இன்ஜின் போட்டு ஓடுதோன்னு தோணும். அந்த வால் நீளமா நுரையோட இருந்துச்சுன்னா அப்ப நுழையவே வேணாம், வெளியவே நங்கூரம் போட்டு இருங்க. வால் சின்னதாகி, போயா நிமிர்ந்து நிக்கிற நேரம் வரும், அதுதான் நம்ம நேரம்.

பெரிய கப்பல், பார்ஜ் (சரக்குத் தெப்பம்), டக் (இழுவைப் படகு) எல்லாம் வந்து வெளிய காத்துக்கிட்டு நிக்கும், போர்ட் ஆபீஸ்ல எழுதிக் கொடுத்துப் பணம் கட்டி, ரயில்வே பாலத்தைத் தூக்குற நாளுக்குத்தான் போகும், அந்த வழி தெரிஞ்ச பைலட் ஏறிக் கூட்டிட்டுப் போவார். நம்ம மீன்பிடி போட்டுங்களும் அதே நாள் பார்த்து வரிசையா பின்னாடி போகும். முந்திக்கிட்டுப் போறதுதான் எல்லாக் கேட்டுக்கும் காரணம், ஒருத்தன் முந்தினா நாலு பேர் முந்துவான், பாலத்து வாயில எல்லாரும் முட்டிக்கிட்டு நிப்பாங்க. 1914ல திறந்த பழைய ரயில் பாலத்துல ஆளுங்க கையால சுத்தித்தான் ரெண்டு பக்கமும் தூக்கிட்டு இருந்தாங்க. 2025 ஏப்ரல் 6ஆம் தேதி திறந்த புதுப் பாலத்துல 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே நேரா மேல 17 மீட்டர் ஏறும். துண்டு மேல ஏறிடுச்சேன்னு அஜாக்கிரதையா இருக்கக் கூடாது, தூணும் பாறையும் அங்கதான் இருக்கு. 2013 ஜனவரில ஒரு பார்ஜ் கட்டுக்கு அடங்காமப் போய் பழைய பாலத்துல மோதினது எங்க ஊர்ல எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு.

இன்னொண்ணு, போர்ட் ஆபீஸ்ல புயல் கூண்டு ஏத்தியிருக்கான்னு பாருங்க. கூண்டு ஏறியிருந்தா போட்டைக் கட்டிட்டு இருங்க, கொச்சி எங்கயும் போயிடாது.

போயா மெயின்டனன்ஸ்:

நான் போயா போடற, தூக்குற கப்பல்ல வேலை பார்த்தவன், அதனால ஒரு விஷயத்தை அழுத்தமாச் சொல்லணும். போயா இருக்க வேண்டிய இடத்துலதான் இருக்குன்னு கண்ணை மூடிட்டு நம்பாதீங்க.

போயா மிதக்குற பொருள். அடியில டன் கணக்குல எடையுள்ள காங்கிரீட் கட்டை கெடக்கும், அதுல சங்கிலி, சங்கிலி நுனியில போயா. சங்கிலி ஆழத்தைவிட நீளமாத்தான் விடணும், இல்லைன்னா அலை தூக்கும்போது கட்டையையே பிடுங்கிடும். அப்படி நீளமா விட்டா போயா ஒரு வட்டத்துக்குள்ள சுத்தும், காத்துக்கு ஒரு பக்கம், நீரோட்டத்துக்கு ஒரு பக்கம். சார்ட்ல போட்டிருக்கிற புள்ளி கட்டை கெடக்குற இடம், நீங்க பார்க்கிறது வட்டத்துல எங்கயோ ஒரு ஓரம். சேனல் அகலமா இருந்தா பரவாயில்ல, குறுகலான இடத்துல போயாவை உரசிக்கிட்டுப் போனா அடி தட்டும்.

புயல் அடிச்சா கட்டையோட நகரும். சங்கிலி தேஞ்சு ஒரு வளையம் அறுந்தா மொத்தமாப் போயிடும். லைட்டு இருக்கே, அதைக் கெடுக்க புயல் வேணாம், சோலார் தட்டு மேல பறவை எச்சம் காய்ஞ்சு மூடினாலே பேட்டரி சார்ஜ் ஏறாது, கொஞ்ச நாள்ல லைட்டு மங்கி நின்னுடும். ஒரு போயாவை டெக்ல தூக்கி வச்சா பாதி எடை சிப்பியும் பாசியும்தான், சுரண்டி எடுக்கிறதுக்குள்ள கை எல்லாம் கிழிஞ்சிடும். அவ்வளவு வளர்ந்தா போயா தாழ்ந்து போகும், லைட்டு உயரம் குறையும், தூரத்துல தெரியாது.

மீனவர்கள் இங்க படிக்கிறீங்கன்னா ஒரு வேண்டுகோள். போயா நிழல்ல மீன் கூடும்னு அதுல போட்டைக் கட்டுறாங்க, வலையைக் கட்டுறாங்க. போட்டு இழுக்கிற இழுப்புல கட்டை நகரும், யாருக்கும் தெரியாது. பேட்டரியைக் கழட்டிட்டுப் போறவங்களும் இருக்காங்க. அன்னைக்கு ராத்திரி அந்த வழியா வர்றது உங்க அண்ணன் தம்பி போட்டாவே இருக்கலாம். தயவு செஞ்சு வேணாம்.

பீக்கன் அப்படியில்ல. பாறை மேலயோ கரையிலயோ தூண் நட்டு நிக்கும், நகராது. அதனால போயாவைப் பார்த்து வழி தெரிஞ்சுக்கங்க, பீக்கனை வச்சு அதைச் சரி பாருங்க. ரொம்ப நம்பகமானது லீடிங் லைட். கரையில முன்னாடி தாழ்வா ஒண்ணு, பின்னாடி உயரமா ஒண்ணு, ரெண்டும் ஒண்ணுக்கு மேல ஒண்ணா நேர்க்கோட்டுல தெரிஞ்சா நீங்க சேனல் நடுவுல இருக்கீங்க. கீழ் லைட்டு வலப்பக்கம் விலகித் தெரிஞ்சா வலப்பக்கம் திருப்பணும், இடப்பக்கம் விலகினா இடப்பக்கம், கீழ் லைட்டைத் துரத்திக்கிட்டே போனா கோட்டுக்கு வந்துடுவீங்க. கன்னியாகுமரிப் பக்கம் பெரியவங்க கணிச்சம் பார்த்து, பார் (கடலடிப் பாறை) எங்க இருக்குன்னு கண்டுபிடிப்பாங்களே, மலையும் கோயில் கோபுரமும் ஒண்ணா சேர்ற இடத்தை வச்சு, அதே கணக்குதான். உங்க அப்பாவுக்கு இது கண்டிப்பாத் தெரிஞ்சிருக்கும், நாகையிலேருந்து போற வழியில அவர் எதையெதைச் சேர்த்துப் பார்ப்பார்னு கேட்டு நோட்டுல எழுதிக்கங்க தம்பி, அது எந்த சார்ட்லயும் கிடைக்காது.

நாகை போட்டுக்காரன்:

அண்ணன்மாரே ரொம்ப நன்றி, இவ்வளவு பேர் இவ்வளவு பொறுமையா எழுதுவீங்கன்னு எதிர்பார்க்கல. அப்பாகிட்ட கணிச்சம் பத்திக் கேட்டேன், உக்காந்து ரெண்டு மணி நேரம் சொன்னார், எழுதிட்டேன்.

இன்னும் ஒரு சந்தேகம். பாம்பன் தாண்டி கொச்சி போற வரைக்கும் கறுப்பும் மஞ்சளும் பட்டை போட்ட போயாவும் எதிர்ல வரும்னு ஒருத்தர் சொன்னார், மேல ரெண்டு கூம்பு வச்சிருக்குமாம். அதை எந்தக் கையில விடறது?

தூத்துக்குடி கப்பல்காரன்:

அதுக்கு இடக்கை வலக்கை கிடையாது தம்பி, அதுக்குத் திசைதான். கார்டினல் மார்க்குன்னு பேரு. நாலு வகை, வடக்கு தெற்கு கிழக்கு மேற்கு. வடக்கு மார்க்குன்னா அதுக்கு வடக்கால போ, அங்க கப்பல் போக நல்ல ஆழமான தண்ணி, ஆபத்து தெற்கால இருக்குன்னு அர்த்தம். எது எதுன்னு மேல இருக்கிற கூம்பு சொல்லும். ரெண்டும் மேல பார்த்தா வடக்கு, ரெண்டும் கீழ பார்த்தா தெற்கு. நுனியும் நுனியும் ஒட்டி உடுக்கை மாதிரி இருந்தா மேற்கு. அடியும் அடியும் ஒட்டி நுனி ரெண்டும் வெளிய பார்த்தா கிழக்கு. கூம்பு நுனி எந்தப் பக்கம் காட்டுதோ அந்த இடத்துலதான் கறுப்புப் பட்டை இருக்கும், அதனால கூம்பு உடைஞ்சு போயிருந்தாலும் பட்டையை வச்சுக் கண்டுபிடிக்கலாம்.

ராத்திரிக்குக் கடிகாரத்தை நினைச்சுக்க. கிழக்கு 3 மணி இருக்கிற பக்கம், 3 தடவை வெள்ளை லைட்டு மின்னும். தெற்கு 6, ஆறு தடவை மின்னி கூடவே நீளமா ஒண்ணு. மேற்கு 9. வடக்கு நிக்காம மின்னிக்கிட்டே இருக்கும். எண்ணும்போது அலையில போயா மறைஞ்சு மறைஞ்சு வரும், ஒரு தடவை எண்ணி முடிவு பண்ணாதே, ரெண்டு மூணு சுத்து எண்ணு. அந்த நீளமான ஒண்ணை வச்சதே தெற்கையும் மேற்கையும் குழப்பிக்கக் கூடாதுன்னுதான்.

கறுப்பு உடம்புல சிவப்புப் பட்டை, மேல ரெண்டு கறுப்பு உருண்டை பார்த்தேன்னா அந்த இடத்துலயே பாறையோ முழுகின கப்பலோ இருக்கு, சுத்திலும் தண்ணி உண்டு, ஆனா கிட்ட போகாதே. சிவப்பு வெள்ளை நெடுக்குக் கோடு போட்டது நல்ல தண்ணி மார்க்கு, சேனல் ஆரம்பத்துல இருக்கும். நீலமும் மஞ்சளும் நெடுக்குக் கோடா இருந்து, நீல லைட்டும் மஞ்சள் லைட்டும் மாத்தி மாத்தி எரிஞ்சா புதுசா ஒரு கப்பல் முழுகியிருக்குன்னு அர்த்தம், சார்ட்ல இன்னும் ஏறியிருக்காது. இது வந்ததும் ஒரு விபத்துக்கு அப்புறம்தான், 2002 டிசம்பர்ல டிரைகலர்னு கார் ஏத்துற கப்பல் அதே இங்கிலீஷ் சேனல்ல முழுகினப்ப காவலுக்குக் கப்பல் நிறுத்தியும் ரெண்டு நாள்ல ஒண்ணு, ஜனவரி 1ஆம் தேதி இன்னொண்ணுன்னு ரெண்டு கப்பல் அதுமேல ஏறுச்சு.

ஹூக்ளி ட்ரெட்ஜர்:

கல்கத்தா போர்ட்ல ட்ரெட்ஜர்ல (மணல் அள்ளுற கப்பல்ல) இருக்கேன், சொந்த ஊர் கடலூர். மணல் நகரும்னு தூத்துக்குடி அண்ணன் ஒரு வரியில சொல்லிட்டுப் போயிட்டார், அது எவ்வளவு நகரும்னு இங்க வந்து பார்க்கணும். ஹூக்ளி ஆறு கடல்ல சேர்ற பக்கம் இருக்கிற சாண்ட்ஹெட்ஸ்லேருந்து கல்கத்தா டாக் வரைக்கும் 200 கிலோமீட்டருக்கு மேல ஆத்து வழி, பைலட் இல்லாம ஒரு பெரிய கப்பலும் வராது. சர்வே லாஞ்ச் ஆழம் பார்த்துட்டே இருக்கும், மணல் திட்டு தள்ளிப் போனா போயாவையும் தூக்கி புது வழிக்குத் தள்ளிப் போடுவாங்க, கரையில இருக்கிற லீடிங் மார்க்கையும் மாத்துவாங்க. ஒரு திட்டுக்கு ஜேம்ஸ் அண்ட் மேரின்னே பேரு, 1694ல ராயல் ஜேம்ஸ் அண்ட் மேரிங்கிற கப்பல் அங்க மாட்டிப் போனதால வந்த பேரு. தாமோதரும் ரூப்நாராயணும் வந்து கலக்குற இடம் அது, அங்க தரை தட்டின கப்பலை வெள்ளம் பக்கவாட்டுல தள்ளிக் கவுத்துடும்.

நான் சொல்ல வந்தது, வாங்கின சார்ட்டை அப்படியே வச்சிருந்தா பிரயோஜனம் இல்லை. டேராடூன்லேருந்தே நோட்டீஸ் டு மரைனர்ஸ் 15 நாளைக்கு ஒரு தடவை வருது, நெட்லயே இலவசமாக் கிடைக்கும். எந்த போயா நகர்ந்துச்சு, எந்த லைட்டு எரியல, எல்லாம் அதுல இருக்கும். உங்க வழிக்கு உண்டானதை மட்டும் தேடி எடுத்து பென்சில்ல சார்ட்ல குறிச்சுக்கங்க.

பாம்பன் தெக்குவாடி:

ஒண்ணு விட்டுப் போச்சு. வர்ற வழியில போயா இடம் மாறி இருக்கு, லைட்டு எரியல, அறுந்து மிதந்து வருதுன்னு பார்த்தீங்கன்னா பேசாமப் போயிடாதீங்க. விஎச்எஃப் ரேடியோ 16ஆம் சேனல்ல பக்கத்து போர்ட்டைக் கூப்பிட்டு எந்த இடம்னு சொல்லுங்க, அவங்க மத்தவங்களுக்கு எச்சரிக்கை கொடுப்பாங்க. ஆளுக்கு ஆபத்துன்னா கோஸ்ட் கார்டு 1554, செல்போன் சிக்னல் இருந்தா போதும். உங்க பின்னாடி வர்ற போட்டுங்க உங்க வாட்ஸப் குரூப்லயே இருப்பாங்க, அதுலயும் ஒரு வாய்ஸ் போட்டுடுங்க. பாம்பன் வந்து வடக்குப் பக்கம் நங்கூரம் போட்டதும் இங்க ஒரு மெசேஜ் போடுங்க தம்பி, அன்னைக்கு நீரோட்டம் எப்படின்னு பாலத்துல நின்னு பார்த்துச் சொல்றேன்.